பழக்க மார்க்

என் மனைவி என் மொழியைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. எட்டு வருஷமாக அதில்தான் வேலை செய்கிறாள். திட்டியிருக்கிறாள், பெருமூச்சு விட்டிருக்கிறாள், ஒருமுறை கீபோர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். சகலையின் மொழியைத் திறந்த முதல் நாள், பத்தாவது நிமிஷம், வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதைவிடக் கௌரவமான வார்த்தை ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மொழி என்றால் பேசுகிற மொழி இல்லை. எங்கள் நிலையத்துக்குப் பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், ஞாபகம் தடுமாறுகிறவர்கள் வருவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். திரையில் ஐந்து படம் வரும், மறையும். எவை வந்தன என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த தடவை ஆறு படம், தப்பினால் நாலு. இந்தப் பயிற்சிகளை ஆளுக்குத் தக்கபடி எழுதுகிறவர்கள் பயிற்சியாளர்கள். அவர்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. அவர்களுக்காக, இந்த ஒரு வேலைக்கு மட்டுமே என்று, நான் செய்த சின்னக் கணினி மொழிதான் ஏணி. படிப்படியாக ஏற்றி இறக்குவதால் அந்தப் பெயர்.

என் மனைவி கீழ்த்தளத்தில் தலைமைப் பயிற்சியாளர். எனக்கு மூன்றாம் மாடி. எட்டு வருஷத்தில் நான் பயிற்சி அறைக்குள் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மாடியில் தண்ணீர் வராத அன்று கை கழுவ.

சகலை என் கொழுந்தியாள் புருஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை தேடிக்கொண்டிருந்தான். நான்தான் சிபாரிசு செய்து மூன்றாம் மாடியில் உட்கார வைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ரசீது வாங்கிக்கொண்டு செய்தேன். அவனுக்கு எல்லாமே எளிதாக வரும். வண்டி நிறுத்தப் போனால் இடம் காலியாகும். பழுதான லிஃப்ட் அவன் பொத்தானை அமுக்கினால் நகரும். மத்தியானம் ஒரு மணிக்கு அவன் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். ஊர் வம்பு பேசப் போகிறான் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு புது மொழி இருந்தது. அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருந்தான். ஒரு கணினி மொழிக்கு வைக்கிற பேரா இது?

அன்று மனைவி எதற்குச் சிரித்தாள் என்று சொல்கிறேன். ஏணியில் நேரத்தை ஆயிரத்தில் சொல்ல வேண்டும். மூன்று நொடிக்கு மூவாயிரம். அந்தப் பழக்கத்தில் பட்டாணியிலும் மூவாயிரம் என்று தட்டிவிட்டாள். பட்டாணியில் நொடியை நொடியாகவே எழுதலாம். அது உடனே கேட்டது: "படம் ஐம்பது நிமிஷம் திரையில் நிற்கும். அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா?"

"குறும்பைப் பாருங்களேன்," என்று திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பு.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு வாய்?" என்றேன்.

ஏணியில் தப்பு செய்தால் "பிழை 17" என்று மட்டும் வரும். பதினேழு என்றால் என்ன என்று பார்க்க நானே ஒரு அட்டவணை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். கச்சிதம் என்றால் அதுதான் கச்சிதம்.

அந்த வாரமே இயக்குநர் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு காகிதமும் இருக்காது அவருக்கு, எல்லாம் தலைக்குள் இருக்கும்.

"ரெண்டு மொழியை வெச்சுக்கிட்டு மாரடிக்க முடியாது. ஒண்ணுதான் இருக்கும். எது நல்ல மொழின்னு உங்க ரெண்டு பேரையும் கேட்டா என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். அளந்து காட்டுங்க. புதுசா பன்னிரண்டு பயிற்சியாளர்கள் சேர்ந்திருக்காங்க, ரெண்டுமே தெரியாதவங்க. அவங்களை எழுதச் சொல்லுங்க. எவ்வளவு நேரம், எத்தனை தப்பு, அவ்வளவுதான்."

"தோத்த மொழி?" என்றேன்.

"அணைச்சிடுவோம். அதுல இருக்கிற பயிற்சிகளை அதை எழுதினவரே இன்னொண்ணுக்கு மாத்திக் குடுக்கணும்."

ஏணியில் எழுநூறு பயிற்சிகள் இருந்தன. பட்டாணியில் ஒன்பது. ஏணி தோற்றால், என் பிள்ளைக்கு நானே குழி தோண்டி, எழுநூறு கூடை மண்ணும் நானே அள்ளிப் போட வேண்டும். அதுவும் சகலையிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டு.

"ஏற்பாடெல்லாம் சீனியர் நீங்க பாத்துக்குங்க," என்றார் மேடம் என்னைப் பார்த்து. திருடன் கையில் சாவி. சகலை சந்தோஷமாகத் தலையாட்டினான். "அண்ணன் செஞ்சா சரியா இருக்கும் மேடம்," என்றான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் எரிந்தது. சந்தேகப்படவாவது தெரிகிறதா பார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் அரிச்சுவடியைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமாக என் மனைவி சொல்வது இது: "அதே பரீட்சையை ரெண்டாவது தடவை வெச்சா கழுதைக்கும் மார்க் ஏறும். அது மூளை தேறினதால இல்லை, கேள்வி பழகினதால. அதுக்குப் பேரு பழக்க மார்க். அதைப் பாத்து நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட நல்ல சேதி சொல்லிடாதீங்க, பாவம்." கீழ்த்தளத்தில் பழக்க மார்க்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே.

எங்கள் சோதனையிலும் அதே நாலு வேலைகளை இரண்டு மொழியிலும் செய்ய வேண்டும். ஒரு பயிற்சி எழுதுவது, எழுதியதைப் படித்துச் சொல்வது, தப்பைக் கண்டுபிடிப்பது, ஒன்றை மாற்றுவது. நாலு வேலையும் முதல் மொழியில் புதிது, இரண்டாவது மொழியில் பழையது. எனவே ஆறு பேர் ஏணியில் தொடங்க வேண்டும், ஆறு பேர் பட்டாணியில். எல்லோரும் ஒரே மொழியில் தொடங்கினால், இரண்டாவதாக வருகிற மொழிக்குச் சும்மாவே மார்க் விழும்.

எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

சோதனைக்கு முந்தின நாள் கீழ்த்தளத்துக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, உரக்க, சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எல்லாரும் காலையில பட்டாணி. மத்தியானம் ஏணி. வீட்டு மாப்பிள்ளை ஆச்சே, சகலைக்கு முதல் பந்தி குடுக்காட்டி கொழுந்தியா என்னை விட மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சகலை நெஞ்சில் கை வைத்து, "பெரிய மனசு அண்ணே," என்றான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நான் பந்தி என்று சொல்லி அவனைப் படைக்கு அனுப்பினேன்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நேரம் குறிக்கிற பொறுப்பு அவளுடையது. கையிலிருந்த படிவங்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்தாள். சேர்ந்த பிறகும் தட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனேன்.

சோதனை நடந்தது. காலையில் பன்னிரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். கேள்வியே புரியவில்லை சிலருக்கு. "படி இறக்குறதுன்னா என்ன மேடம்?" என்று என் மனைவியைப் பார்த்துக் கை தூக்கினார்கள். மத்தியானம் அதே ஆட்கள், அதே கேள்வி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "பிழை 17" வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்க்க எழுந்து எழுந்து போனார்கள். ஒரு கட்டத்தில் சுவரோரம் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பழக்க மார்க் என்னைக் கைவிடவில்லை. சராசரி பட்டாணிக்கு முப்பத்துநாலு நிமிஷம், ஏணிக்கு முப்பத்தொன்று.

மூன்று நிமிஷத்தில் ஜெயித்தேன். சகலை கை கொடுத்தான். "அனுபவம் அனுபவம்தான் அண்ணே." முகம் வாடியிருந்தது, ஆனால் கை நிஜமாகவே கொடுத்தான். அன்று எனக்கு நல்ல பசி. இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மனைவி எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். மனைவி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நேரக் குறிப்பெல்லாம் எங்கே?"

"என் பையில நீல ஃபைல். எடுத்துக்குங்க."

எடுத்தேன். நீல ஃபைலுக்கு அடியில் ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி அட்டை போட்டது. மேலே அவள் கையெழுத்தில் "ஏணி" என்று இருந்தது. பெற்றவனுக்கு ஆசை இருக்காதா, திறந்தேன்.

ஒன்று. முதல் படியைப் பூஜ்யம் என்று எழுத வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒன்று என்றுதான் எழுதுகிறார்கள். தேதி எட்டு வருஷத்துக்கு முந்தையது. ஏணி பிறந்த மூன்றாம் நாள்.

ஒன்பது. பிழை எண்ணுக்குப் பொருள் தெரிய எழுந்து சுவருக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்குள் நோயாளி பயந்துவிடுகிறார்.

இப்படியே பக்கம் பக்கமாக, வருஷம் வருஷமாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் ஒரு டிக். "முடிந்தது" என்று உருண்டை எழுத்து. அந்த உருண்டை எழுத்தை எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் தினம் பார்க்கிறேன்.

வெயில் மேசைவரை வந்திருந்தது. பட்டாணி அவன் மூளையில் முளைத்தது இல்லை. என் வீட்டில், என் மனைவி கையால் விதைத்தது. அவளுடைய எட்டு வருஷத்துப் புலம்பலை அவன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்திருக்கிறான். அவன் மொழி நன்றாக இருந்தது என்பதைக்கூட என்னால் விழுங்கியிருக்க முடியும். அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள் என்பதை விழுங்க முடியவில்லை. வேறொருவனுக்குக் காதல் கடிதம் எழுதியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது.

நோட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"இதென்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "நோட்டு."

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா இருக்கே! வீட்டுல ஒருத்தன் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எல்லாத்தையும் கொண்டுபோய் அவன்கிட்ட கொட்டியிருக்கே?"

"உங்ககிட்ட சொன்னதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன்," என்றாள். குரல் ஏறவில்லை. "அவர் எழுதிக்கிட்டார்."

"என்கிட்ட எப்ப சொன்னே?"

"இருபத்திமூணைப் படிங்க."

படித்தேன். இருபத்திமூன்று. நேரத்தை ஆயிரத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இன்று ஒரு பூஜ்யம் விட்டுப்போனது. கண்டக்டர் அழுதார்.

எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. ஆறு வருஷம் இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், பக்கவாதத்துக்குப் பிறகு வந்துகொண்டிருந்தார். ஐந்து வாரமாக ஏறுமுகம். அன்று மனைவி மூவாயிரத்துக்குப் பதில் முந்நூறு என்று தட்டிவிட்டாள். படங்கள் கண் இமைப்பதற்குள் வந்து மறைந்தன. பன்னிரண்டுக்கு ஒன்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. "எல்லாம் போயிடுச்சும்மா" என்று எழுந்து போனவர் இரண்டு வாரம் வரவில்லை. அதை அவள் வந்து சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது.

"ஒரு பூஜ்யத்தைக் கவனிச்சுப் போடக்கூடாதான்னு கேட்டீங்க," என்றாள் அவளே. "நான் அவர் வீட்டுக்குப் போனேன். மூணு மாடி ஏறி. உங்க ஞாபகம் போகலை ஐயா, தப்பா டைப் பண்ணது நான்தான்னு சொன்னேன். அவர் சம்சாரம் என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க. மொழியில தப்புன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. யார் எழுதின மொழின்னு கேப்பாங்க, உங்க பேர் கெடும்னு."

அடுத்த துணியை எடுத்தாள். என் சட்டை. காலரை இழுத்து நேராக்கினாள்.

"அப்புறமும் சொல்லித்தான் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பு என்மேலயே திரும்பி வந்துது. அதனால நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். நோட்டு எதிர்த்துப் பேசாது பாருங்க."

உள்ளே வந்து மேசைமுன் உட்கார்ந்தேன். நோட்டைக் கடைசிவரை புரட்டினேன். நாற்பத்தொன்று வரை எல்லாவற்றுக்கும் பச்சை டிக். நாற்பத்திரண்டுக்கு மட்டும் இல்லை.

நாற்பத்திரண்டு. அவரிடம் சொல்ல முடியவில்லை.

எதிரே உருண்டை எழுத்தில்: "இது என் கையில் இல்லை அண்ணி."

படுபாவி, அதையும் படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் எனக்குக் கை கொடுத்திருக்கிறான். என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு வருஷமாக என்னைப் பற்றித் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. பொறாமை ஒரு பக்கம், இவன் எப்படி இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்கிறான் என்று.

நீல ஃபைலைத் திறந்தேன். பன்னிரண்டு படிவம். மேலே தொகுப்புத் தாள் ஒன்று. எல்லாக் கட்டங்களையும் மனைவி நிரப்பியிருந்தாள், கடைசி இரண்டைத் தவிர. "எந்த மொழி முதலில்?" "அதற்குக் காரணம்." கீழே கையெழுத்து போடுகிற இடத்தில் அவள் போடவில்லை.

"இது காலியா இருக்கே?" என்று கத்தினேன் பால்கனிப் பக்கம்.

"அது ஏற்பாடு பண்ணினவர் நிரப்பணும்," என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "முதல் நாள் பாடத்தை நான்தானே நடத்துறேன். எனக்குத் தெரியாம இருக்குமா?"

ஆக, கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவள் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுபடியும் என் பேர் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் கையெழுத்துப் போடவும் இல்லை. நானே சொல்கிறேனா என்று நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேனாவை எடுத்தேன். முதல் கட்டத்தில் "எல்லோருக்கும் பட்டாணி முதலில்" என்று எழுதினேன். காரணம் என்ற கட்டம் மிகச் சின்னது. பெரிய பெரிய காரணங்களாக நாலைந்து யோசித்தேன். கூட வசதி, நேர நெருக்கடி, மின்சாரம். எதுவும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அடங்குகிற மாதிரி ஒரே ஒரு சொல் இருந்தது. பொறாமை என்று எழுதினேன்.

திங்கட்கிழமை மேடம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது வருஷமா இந்தக் கட்டத்தைப் படிக்கிறேன். ஆள் பற்றாக்குறைன்னு போடுவாங்க, நேரமில்லைன்னு போடுவாங்க. இப்படி யாரும் போட்டதில்லை."

"மாத்தி எழுதித் தரட்டுமா மேடம்?"

"எழுதினதை எழுதினபடி விடுங்க," என்றார். "சோதனையைத் திரும்ப நடத்தணும். ஏற்பாடு உங்ககிட்ட இல்லை."

அடுத்த மாதம் வேறு பன்னிரண்டு பேர், வேறு கிளையிலிருந்து. ஆறுக்கு ஆறு. பட்டாணிக்கு இருபத்தாறு நிமிஷம், ஏணிக்கு முப்பத்தெட்டு. தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி. சகலை என் மேசைக்கு வந்து நின்றான், கையைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"உக்காரு சகல," என்றேன். "எழுநூறையும் எப்படி மாத்துறதுன்னு சொல்லு."

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். இன்றைக்கும் லிஃப்ட் அவனுக்குத்தான் நகர்கிறது. ஆனால் எழுநூறையும் நான் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துதான் மாற்றினேன். பயிற்சி அறையின் மூலையில், ஓர் ஆடுகிற நாற்காலியில். முன்னால் ஒருவர் படம் பார்ப்பார், பின்னால் நான் தட்டுவேன். என் மொழியில் ஒருவர் எவ்வளவு முழிப்பார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். முதல் வாரத்திலேயே மனைவி என் பக்கம் குனிந்து, "பட்டாணியிலயும் ஒண்ணு சரியில்லை. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, வயசானவங்களுக்குத் தெரியலை," என்றாள்.

சரியாகத்தானே தெரிகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். காகிதம் எடுத்து எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் அந்தப் பழைய நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து, நாற்பத்திரண்டுக்கு எதிரே ஒரு டிக் போட்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"எல்லாத்துக்கும் மை, எனக்கு மட்டும் பென்சிலா?"

"அழிக்கத் தோதா இருக்கும்," என்றாள்.